வாயில் இருக்கச் சுவர் ஏறுவதேன்?

நமது சங்க இதழில் ஜப்பானிய அசைபடங்களுக்கு என்ன வேலை என்று மூத்த உறுப்பினர் சிலர் கேட்கக்கூடும். சிலம்பையும் குறளையும் பற்றி எழுதுவதற்கு உரிய பக்கங்கள் இவை என்பதை நானும் மறுக்கவில்லை. ஆயினும், மாணவர் உலகம் எதைக் கண்டு மகிழ்கிறதோ அதைப் பற்றி மாணவர் இதழ் வாய் திறவாதிருப்பது முறையாகாது. இத் தலைநகரில் படிக்க வந்திருக்கும் தமிழ் மாணவருள் ‘அனிமே’ என்னும் ஜப்பானிய அசைபடங்களை ஒரு முறையேனும் பார்க்காதவரைக் காண்பது அரிது. நருட்டோ பெரியவனா, லூஃபி பெரியவனா என்று நம் விடுதியில் நடக்கும் வாதம் எந்தப் பட்டிமன்றத்துக்கும் இளைத்ததன்று. அந்தப் படங்களில் பல திருட்டுத் தளங்கள் வழியாகவே நம் அறைக்குள் வருகின்றன என்பதும் ஊரறிந்த இரகசியம்.

இதைப் பற்றி நண்பர்களோடு பலமுறை வாதாடியிருக்கிறேன். அவர்கள் சொல்லும் சமாதானங்கள் மூன்று. ‘ஜப்பானில் உள்ள பெரிய நிறுவனத்துக்கு என்னால் என்ன நட்டம்?’ என்பது ஒன்று. ‘முறையாகப் பார்க்க வழியிருந்தால் பார்க்க மாட்டோமா?’ என்பது மற்றொன்று. ‘நான் கொடுக்கும் காசு படம் வரைந்தவனுக்கா போய்ச் சேருகிறது?’ என்பது மூன்றாவது. இவற்றை முற்றும் பொய் என்று தள்ளிவிட முடியாது. உண்மை எவ்வளவு, சாக்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அதற்கு முன், இந்தத் திருட்டைச் சட்டம் ஏன் ஒழிக்கவில்லை என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

ஒரு நாட்டில் பிறந்த நூலுக்கும் கலைப் படைப்புக்கும் பிற நாடுகளிலும் உரிமை உண்டு என்று வகுத்த பெர்ன் உடன்படிக்கை 1886ஆம் ஆண்டில் ஏற்பட்டது. ஜப்பான் 1899இலும் இந்தியா 1928இலும் அதில் சேர்ந்தன. ஆகவே, டோக்கியோவில் வரைந்த படத்துக்குத் தில்லியில் உரிமை கோர எந்தப் பதிவும் தேவையில்லை. நம் நாட்டுக் கலைஞனின் படைப்புக்கு 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் தரும் காப்பு ஜப்பானியக் கலைஞனின் படைப்புக்கும் உண்டு. ஏட்டில் இவ்வளவும் அழகாகவே இருக்கிறது. இடர்ப்பாடு எங்கே என்றால், உரிமை கடல் கடந்து செல்கிறது. அதைக் காக்கும் காவலர் கடல் கடப்பதில்லை. ஜப்பானியக் காவல்துறைக்கு ஜப்பானின் எல்லையோடு அதிகாரம் முடிந்துவிடுகிறது. பிற நாட்டில் இருந்துகொண்டு ஒருவன் திருடினால், அந் நாட்டுச் சட்டப்படி, அந் நாட்டு அதிகாரிகள் மனம் வைத்தால்தான் காரியம் நடக்கும்.

ஏழு கடல் தாண்டி, ஏழு மலை தாண்டி, ஒரு குகைக்குள் இருக்கும் கிளியின் வயிற்றில் அரக்கனின் உயிர் இருப்பதாகப் பாட்டி கதை சொல்வாள் அல்லவா? திருட்டுத் தளத்தின் உயிரும் அப்படித்தான் ஒளித்து வைக்கப்பட்டிருக்கிறது. தளத்தின் பெயரைப் பதிவு செய்திருப்பது ஒரு நாட்டில். படங்கள் கிடக்கும் சர்வர் வேறொரு நாட்டில். தளத்தை நடத்துபவன் மூன்றாவது நாட்டில். விளம்பரப் பணம் வருவது நான்காவது நாட்டிலிருந்து. பார்ப்பவர்களோ உலகெங்கும் இருக்கிறார்கள். இவை போதாவென்று, இடையில் நின்று படத்தை விரைவாகக் கொண்டு சேர்க்கும் இணையச் சேவைகளும் இருக்கின்றன. அவற்றின் பின்னால் ஒளிந்துகொண்டால் உண்மையான சர்வர் எங்கே இருக்கிறது என்பது வெளியில் தெரியாது. நீதிமன்றம் சென்று பெயர் விவரம் கேட்டு வாங்கினாலும், கிடைக்கும் பெயர் பொய்ப் பெயராக இருந்தால் தேடியவன் கதி என்ன?

‘மங்காமுரா’ என்ற தளத்தின் கதையைக் கேளுங்கள். மங்கா என்னும் ஜப்பானியப் படக் கதை நூல்களைத் திருடி இலவசமாகக் காட்டிய தளம் அது. 2018 ஏப்ரலில் அது மூடப்பட்டது. அதை நடத்தியவர் 2019ஆம் ஆண்டில் பிலிப்பைன்ஸ் நாட்டின் மணிலா விமான நிலையத்தில் பிடிபட்டு ஜப்பானுக்கு அனுப்பப்பட்டார். 2021 ஜூனில் ஃபுகுவோகா மாவட்ட நீதிமன்றம் அவருக்கு 3 ஆண்டுச் சிறையும் 1 கோடி யென் அபராதமும் விதித்தது. விளம்பர வருவாயில் ஏறத்தாழ 6 கோடி 20 லட்சம் யென்னைப் பறிமுதல் செய்யவும் உத்தரவிட்டது. மூன்று பதிப்பகங்களுக்குச் சுமார் 170 கோடி யென் இழப்பீடு தர வேண்டும் என்று டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் சொன்னது 2024 ஏப்ரலில். தளம் மூடி ஆறு ஆண்டுகள் கழிந்துவிட்டன. இத்தனைக்கும் இது ஜப்பானிய வாசகரைக் குறிவைத்து, ஜப்பானிய மொழியில் நடந்த தளம். அதற்கே இப் பாடு என்றால், ஆங்கிலத்தில் உலகுக்கெல்லாம் கடை விரித்திருக்கும் தளங்களின் பாடு எப்படி இருக்கும்?

அனிமேக்கு வருவோம். திருட்டுத் தளங்களுள் மிகப் பெரியவற்றுள் ஒன்றாக இருந்த ‘கிஸ்அனிமே’ 2020 ஆகஸ்டில் மூடப்பட்டது. ரசிகர்கள் துக்கம் கொண்டாடினார்கள். பின்பு வேறு தளங்களுக்குக் குடிபெயர்ந்தார்கள். ஜப்பானியருக்காகச் சீனாவிலிருந்து நடந்த ‘பி9குட்’ என்ற தளம் 2023இல் மூடப்பட்டது. வெளிநாடுகளில் ஜப்பானியப் படைப்புகளின் உரிமையைக் காக்க 2002இல் ஏற்பட்ட ‘கோடா’ என்ற அமைப்பின் முறையீட்டின்மேல், சீனாவின் ஜியாங்சு மாகாணக் காவல்துறை அதில் தலையிட்டது. 2024 ஆகஸ்டில், வியட்நாமில் இருந்து நடந்த ‘எஃப்மூவிஸ்’ தளமும் அதனோடு சேர்ந்த தளங்களும் ஹனோய்க் காவல்துறையின் உதவியோடு மூடப்பட்டன. நம் நண்பர் பலர் நன்கறிந்த ‘அனிவேவ்’ அவற்றுள் ஒன்று. 2023 ஜனவரி முதல் 2024 ஜூன் வரை அந்தத் தளக் கூட்டத்துக்கு வந்த வருகைகள் மட்டும் 670 கோடிக்கு மேல் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

இந் நிகழ்ச்சிகளை எண்ணிப் பார்த்தால் ஒன்று விளங்கும். வெற்றி கிட்டிய இடங்களில் எல்லாம் உள்ளூர்க் காவல்துறை ஒத்துழைத்திருக்கிறது. அது ஒத்துழைக்காத இடத்தில் டோக்கியோவின் வழக்கறிஞர் எத்தனை கடிதம் எழுதினாலும் பயனில்லை. இடையில் நிற்கும் சேவைகளைப் பொறுப்பாக்கும் முயற்சியும் நடக்கிறது. நான்கு ஜப்பானியப் பதிப்பகங்கள் 2022இல் கிளவுட்ஃபிளேர் என்ற அமெரிக்க நிறுவனத்தின்மேல் தொடுத்த வழக்கில், அந் நிறுவனம் சுமார் 50 கோடி யென் இழப்பீடு தர வேண்டும் என்று டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் 2025 நவம்பரில் தீர்ப்பளித்தது. இங்கேயும் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. திருட்டுத் தளம் பெயரை மாற்றிக்கொள்ள ஓர் இரவு போதும்.

நம் தில்லி உயர் நீதிமன்றமும் சும்மா இருக்கவில்லை. ஒரு தளத்தை முடக்கினால் அதுவே வேறு பெயரில் மறுநாள் வந்துவிடுகிறது என்பதைக் கண்டு, 2019 ஏப்ரலில் ஒரு புதிய வழியை வகுத்தது. ஒவ்வொரு புதுப் பெயருக்கும் புது வழக்குத் தொடுக்க வேண்டாம். பழைய தடையாணையையே புதிய முகவரிக்கும் நீட்டித்துக்கொள்ளலாம் என்றது. 2023இல் இன்னும் ஒரு படி மேலே சென்று, இனிமேல் வரப்போகும் படைப்புகளுக்கும் சேர்த்துத் தடையாணை வழங்கியது. நல்ல தீர்ப்புகள்தாம். ஆனால், இந்தத் தடை இந்திய இணைய நிறுவனங்களைத்தான் கட்டுப்படுத்தும். தளத்தை நடத்துபவன் அயல்நாட்டில் நலமாகவே இருப்பான். வி.பி.என். வைத்திருக்கும் மாணவனுக்குத் தடையாணை ஒரு தடையே அன்று.

ஆகவே, சட்டம் தன் கடமையைச் செய்யட்டும். சட்டத்தால் மட்டும் இது தீராது என்பது என் துணிபு. தீர்த்து வைத்த மருந்து எது என்பதை அனிமேயின் வரலாறே சொல்கிறது.

1980களிலும் 1990களிலும் அமெரிக்காவில் இருந்த அனிமே ரசிகர்களுக்கு முறையான பிரதி கிடைப்பது குதிரைக் கொம்பாக இருந்தது. அவர்கள் ஜப்பானிய வீடியோ நாடாக்களை வரவழைத்து, தாமே மொழிபெயர்த்து, சப்டைட்டில் சேர்த்து, நாடாவின் விலையையும் தபால் செலவையும் மட்டும் பெற்றுக்கொண்டு பரப்பினார்கள். சட்டப்படி அதுவும் குற்றமே. ஆயினும் அவர்களுள் நேர்மையானவர்கள் ஒரு நெறியை வைத்திருந்தார்கள்: ‘இந்தப் படத்தை நம் நாட்டில் யாரேனும் உரிமை வாங்கி வெளியிட்டால், அன்றோடு நாம் பரப்புவதை நிறுத்திவிட வேண்டும்.’ வாயில் திறக்கும்வரைதான் சுவர் ஏறுவது. திறந்த பின் ஏறுவதில்லை என்பது அதன் பொருள்.

இதைவிட வியப்பானது ‘கிரஞ்சிரோல்’ நிறுவனத்தின் கதை. இன்று அனிமேக்கென்றே உரிமை பெற்று நடக்கும் இத் தளம் 2006இல் தொடங்கியபோது, உரிமையில்லாப் படங்களை யார் வேண்டுமானாலும் ஏற்றும் இடமாகவே இருந்தது. 2009 ஜனவரியில் அது திருந்தியது. தொலைக்காட்சி டோக்கியோ நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, ‘நருட்டோ ஷிப்புடென்’ தொடரை முறைப்படி காட்டத் தொடங்கி, உரிமையற்ற படங்களை நீக்கியது. ஜப்பானில் ஒளிபரப்பான புதிய பகுதியை உடனுக்குடன் வெளிநாட்டு ரசிகனுக்குச் சப்டைட்டிலோடு தந்தபோது, காசு கொடுக்க ஆள் இருந்தார்கள். 2021இல் சோனி குழுமம் இந் நிறுவனத்தை 117.5 கோடி டாலருக்கு வாங்கியது. திருட்டுச் சந்தையில் நின்ற அதே ரசிகன்தான் பிறகு சந்தாதாரனாகவும் மாறினான். எந்தக் காவலரும் அவனை மாற்றவில்லை. வாயிலைத் திறந்து வைத்தார்கள். அவன் உள்ளே வந்தான்.

இனி நண்பர்களின் சமாதானங்களுக்கு வருகிறேன். இரண்டாவதையே முதலில் எடுத்துக்கொள்வோம். ‘முறையாகப் பார்க்க வழியில்லை’ என்பது ஒரு காலத்தில் உண்மை. அதில் உரிமையாளருக்கும் பங்கு உண்டு. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் உடனே வெளியிட்டுவிட்டு, இந்தியாவுக்கு ‘பிறகு பார்க்கலாம்’ என்று சொன்ன வியாபாரிதான் திருடனுக்குக் கடை வைத்துக் கொடுத்தவன். அமெரிக்க மாணவனிடம் கேட்கும் விலையை இந்திய மாணவனிடம் கேட்பதும் வாயிலை அடைப்பதற்குச் சமம். ஆனால் நிலைமை மாறி வருகிறது. கிரஞ்சிரோல் 2022இல் இந்தியாவுக்கான தொடக்கச் சந்தாவை மாதத்துக்கு 79 ரூபாய் என்று குறைத்தது. ‘சோலோ லெவலிங்’ தொடர் 2024இல் தமிழிலும் வந்தது. ‘டெமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காசில்’ திரைப்படம் 2025 செப்டம்பரில் நம் நாட்டுத் திரையரங்குகளுக்குத் தமிழ்க் குரலோடும் வந்தது. அப் படம் ஜப்பானில் வெளியானது ஜூலையில். இடைப்பட்ட இரண்டு மாத இடைவெளி உரிமையாளரின் குறை. அதை நான் மறைக்கவில்லை. இன்னும் முறையாக வராத பழைய தொடர்கள் பல உண்டு. அவற்றைப் பற்றி நண்பர்கள் குறைப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் முறையாகக் கிடைக்கும் தொடரையே திருட்டுத் தளத்தில் பார்த்துவிட்டுக் ‘கிடைக்கவில்லை’ என்பது, மாலைத் தேநீருக்கும் சமோசாவுக்கும் கணக்குப் பார்க்காத நமக்கு அழகன்று.

அடுத்து, ‘பெரிய நிறுவனத்துக்கு என்ன நட்டம்?’ என்னும் கேள்வி. ஊரார் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்ற பழமொழியை நினைவூட்டும் கேள்வி இது. திருட்டுத் தளத்தில் பார்த்தவர் ஒவ்வொருவரும் காசு கொடுத்துப் பார்த்திருப்பார் என்று உரிமையாளர் கணக்குப் போட்டால், அதை நானும் நம்பமாட்டேன். ஆனால் எதிர்க் கணக்கும் தவறு. அனிமே தொழிலின் மொத்தச் சந்தை 2023இல் 3 லட்சத்து 34 ஆயிரம் கோடி யென்னைத் தாண்டியது; அதில் பாதிக்கு மேற்பட்டது ஜப்பானுக்கு வெளியிலிருந்து வந்தது. எனவே வெளிநாட்டு ரசிகனின் காசு இன்று அத் தொழிலின் ஒரு தூண். மேலும், திருட்டுத் தளம் இலவசம் என்பதே மாயை. நாம் காசு கொடுப்பதில்லை. நம் கண்ணைக் காட்டி அவன் காசு வாங்குகிறான். சூதாட்ட விளம்பரமும் கணினியைக் கெடுக்கும் நச்சு நிரலும் எவன் தளத்தில் தொங்குகின்றனவோ அவன் தரும சத்திரம் நடத்துகிறான் என்று எண்ணுவது பேதைமை. மங்காமுரா நடத்தியவரிடமிருந்து பறிமுதல் செய்ய உத்தரவான 6 கோடி யென்னும் ‘இலவசமாக’ப் படித்தவர்கள் ஈட்டிக் கொடுத்ததுதான்.

மூன்றாவது சமாதானமே என் நெஞ்சைத் தொடுவது. அனிமே வரைபவனின் வாழ்க்கை வளமானதன்று. ஒரு அசைவின் தொடக்கத்தையும் முடிவையும் மூத்த கலைஞர் வரைய, இடையில் வரும் படங்களை இளைஞர்கள் வரைகிறார்கள். ஒரு படத்துக்கு ஏறத்தாழ 200 யென், நம் பணத்தில் நூற்றுச் சொச்சம் ரூபாய், என்பது நெடுநாளாகப் பேசப்படும் கூலி. தொடருக்கு முதல் போடுவது பதிப்பகம், தொலைக்காட்சி நிலையம், பொம்மை நிறுவனம் முதலியவை கூடிய ஒரு தயாரிப்புக் குழு. படம் வரையும் கூடம் பெரும்பாலும் பேசிய தொகையைப் பெற்றுக்கொண்டு விலகிக்கொள்கிறது. குழுவில் பங்கு இல்லையேல் வருவாயிலும் பங்கு இல்லை. இது அநீதி என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் உழவனுக்கு உரிய கூலி போகவில்லை என்பதற்காக நெல் மூட்டையைத் திருடியவன் உழவனுக்கு நண்பன் ஆவானா? பெருகும் வருவாயில் பங்கு கேட்டுப் போராடக் கலைஞனுக்கு ஒரு வழி உண்டு. வருவாயே திருடனிடம் போய்விட்டால், அவன் எதில் பங்கு கேட்பான்?

இவற்றையெல்லாம்விடத் தமிழ் மாணவராகிய நமக்கு நெருக்கமான ஒன்று இருக்கிறது. எந்தத் தொடரை எந்த மொழியில் பேச வைப்பது என்று ஒரு நிறுவனம் எப்படி முடிவு செய்யும்? எத்தனை பேர் பார்த்தார்கள், எந்த மொழியில் பார்த்தார்கள் என்ற கணக்கைப் பார்த்துத்தானே? முறையான தளத்தில் தமிழைத் தேர்ந்தெடுத்துப் பார்க்கும் ஒவ்வொருவரும் அந்தக் கணக்கில் ஒருவர். திருட்டுத் தளத்தில் பார்க்கும் தமிழன், அந் நிறுவனத்தைப் பொறுத்தவரை, பிறக்காதவன். இந்திக் குரல் பல தொடர்களுக்கு வருகிறது, தமிழ்க் குரல் சிலவற்றுக்கே வருகிறது என்று நம் சங்கக் கூட்டங்களில் வருந்துகிறோம். அந்த வருத்தம் நியாயமானது. ஆனால் எண்ணுகிற இடத்தில் நாம் போய் நிற்காமல், எண்ணிக்கையில் நம்மை விட்டுவிட்டார்கள் என்று குறைப்படுவது எப்படிப் பொருந்தும்? தமிழுக்குக் குரல் கொடுக்கும் கலைஞர், வசனம் எழுதும் எழுத்தாளர் ஆகியோரின் பிழைப்பும் இந்தக் கணக்கில்தான் தொங்குகிறது. நாளை அவர்களுள் ஒருவராக நம்மிடையே இருக்கும் ஒரு மாணவரே இருக்கலாம்.

நம் படங்களே திருடப்படும்போது நாம் கொதிப்பதில்லையா? 2016இல் ‘கபாலி’ வெளிவருமுன் சென்னை உயர் நீதிமன்றம் இருநூறுக்கு மேற்பட்ட தளங்களை முடக்கச் சொன்னது. அப்படியும் கள்ளப் பிரதி வெளிவரத்தான் செய்தது. அன்று ‘தமிழ்த் திரையுலகின் வயிற்றில் அடிக்கிறார்களே’ என்றவர்கள், ஜப்பானியன் வயிற்றையும் வயிறாகவே எண்ண வேண்டும். நமக்கு ஒரு நீதி, பிறர்க்கு ஒரு நீதி என்பது ‘யாதும் ஊரே’ என்று மேடைதோறும் முழங்குவோர்க்குப் பொருந்தாது.

ஆகவே, பழைய வீடியோ நாடா ரசிகர்களின் நெறியை நாமும் கொள்வோம் என்று வேண்டுகிறேன். முறையாகக் கிடைக்கும் படத்தைத் திருட்டுத் தளத்தில் பார்ப்பதில்லை. கிடைக்காததைக் கிடைக்கச் செய்யும்படி கேட்பது என்பதே அது. கேட்பதற்கு நம் சங்கம் ஏற்ற இடம். எந்தத் தொடர்கள் தமிழில் வேண்டும் என்று உறுப்பினரிடம் பட்டியல் வாங்கி, கையொப்பமிட்டு, உரிமை வைத்திருக்கும் நிறுவனங்களுக்கு அனுப்புவோம். தமிழ்க் குரல் மட்டுமன்றித் தமிழ்ச் சப்டைட்டிலும் கேட்போம். மொழிபெயர்க்க வல்ல மாணவர் நம்மிடம் பலர் இருக்கிறார்கள் என்பதையும் எழுதுவோம். சங்கத்தின் ஆண்டு விழாவில் ஒரு படத்தைத் திரையிட வேண்டுமானால், உரிமையாளரிடம் ஒப்புதல் வாங்கியே திரையிடுவோம். பதில் வராமலும் போகலாம். ஒரு முறை எழுதிப் பதில் வராவிட்டால் மூன்று முறை எழுதுவோம்.

எந்தக் காவலரும் இதற்காக நம் அறைக் கதவைத் தட்டப் போவதில்லை. கடல் கடந்து வர முடியாத சட்டம், இந்தக் காரியத்தை நம் மனச்சான்றிடமே விட்டுவைத்திருக்கிறது. யாரும் பார்க்காத இடத்தில் செய்வதைக் கொண்டுதான் ஒருவனை அளக்க வேண்டும் என்பார்கள். நண்பர்களே, இவ்வாரத்திலேயே அந்தப் பட்டியலைத் தொடங்குவோம். முதல் பெயரும் முதல் கையொப்பமும் என்னுடையவை.